லேக் கார்டன்ஸில் ஒரு கூட்டாஞ்சோறு



கூட்டாஞ்சோறு என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு பொருள் உண்டு. அரிசியும் துவரம்பருப்பும் காய்களும் முருங்கைக்கீரையும் ஒரே பாத்திரத்தில் வெந்து, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட மணத்தோடு இலையில் விழுகின்ற உணவு ஒன்று. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று சிறுவர் விளையாட்டு. தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசியும் ஒரு காயும் வீட்டிலிருந்து கொண்டுவந்து, மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டித் தாங்களே சமைத்து உண்பது. இவற்றுள் முதலாவதை நாம் எந்த ஊருக்குச் சென்றாலும் கைவிடுவதில்லை. இரண்டாவதை ரயில் ஏறும்போதே விட்டுவிடுகிறோம். அதை மீட்டெடுப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் குடியிருக்கும் கொல்கத்தா நகரத்து லேக் கார்டன்ஸ் பகுதியில், மொட்டை மாடி ஒன்றில், இரண்டு முறை இதனை நடத்திப் பார்த்தோம். முதல் முறை தோற்றோம். அந்தத் தோல்வியிலிருந்து தொடங்குவதே முறை.

எங்கள் பகுதிக்குப் பெயர் தந்த ஏரி, 1920-களில் கல்கத்தா நகர மேம்பாட்டு அறக்கட்டளையினர் தோண்டியது. டாக்குரியா ஏரி என்று வழங்கிய அது 1958-ல் ரவீந்திர சரோவர் என்று பெயர் பெற்றது. ஏரியின் வடமேற்கே லேக் மார்க்கெட். கறிவேப்பிலைக்கும் வாழையிலைக்கும் காப்பிப் பொடிக்கும் தமிழர்கள் பல தலைமுறைகளாகச் சென்றுவரும் சந்தை. ஏரியின் தெற்கே, பட்ஜ் பட்ஜ் ரயில் பாதையின் ஓரமாக லேக் கார்டன்ஸ். தோட்டம் வைத்த இரண்டு மாடி வீடுகள் பல போய், நான்கைந்து மாடி அடுக்ககங்கள் எழுந்துவிட்டன. மரத்தடி என்று சொல்ல எங்களிடம் எஞ்சியிருப்பது மொட்டை மாடியில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைக் கன்று ஒன்றே. ஏரிக்கரையில் அடுப்பு மூட்டலாமே என்று எண்ண வேண்டாம். அது காக்கப்பட வேண்டிய நீர்நிலை. அங்கே தீயும் புகையும் எச்சில் இலையும் கூடா.

முதல் ஆண்டு நாங்கள் செய்தது இது. ஐந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தன. பெரியவர்கள் முந்தின நாளே காய் நறுக்கினர். விடியற்காலையில் தேங்காய் அரைத்தனர். பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றினர். குழந்தைகளுக்குக் காகிதத் தொப்பி செய்து கொடுத்து, 'நீங்கள்தான் சமையற்காரர்கள்' என்றோம். ஒவ்வொரு குழந்தையும் கரண்டியைப் பிடித்தபடி நிற்கப் படம் எடுத்தோம். பிறகு வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறினோம். உணவு மிக நன்றாக இருந்தது. உண்டு முடித்து என் பேத்தி என்னிடம் வந்து, 'தாத்தா, நாங்க எப்போ சமைக்கப் போறோம்?' என்று கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. தலையில் தொப்பி இருந்தது.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விருந்து ஒன்றை நடத்திவிட்டு அதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர் வைத்திருந்தோம். ஊரில் நாங்கள் சிறுவராயிருந்தபோது பெரியவர் ஒருவரும் வந்து காய் நறுக்கித் தந்ததில்லை. அரைவேக்காடாயினும் அது எங்கள் சோறு. இங்கே பெரியவர்களின் நல்லெண்ணமே குழந்தைகளின் கையைக் கட்டிப்போட்டது.

ஆகவே மறு ஆண்டு வேறு வகையில் திட்டமிட்டோம். இதை விரிவாகச் சொல்லுகிறேன். தில்லியிலோ மும்பையிலோ நாகபுரியிலோ இருந்து கேட்கும் நேயர்களும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் காலம். கொல்கத்தாவில் சமைத்துக் கூடியுண்ணும் பருவம் மார்கழியும் தை முற்பகுதியுமே. வெயில் சுடாது, மழை வராது, காய்கள் மலிந்திருக்கும். வங்காளிகளின் பௌஷ சங்கராந்தியும் நம் பொங்கலும் ஏறக்குறைய ஒரே நாளில் வருவன. அவர்கள் அன்று அரிசிமாவும் தேங்காயும் புதிய ஈச்சவெல்லமும் கொண்டு பிட்டே என்னும் பணியாரங்கள் செய்வர். அந்த ஈச்சவெல்லத்தை, 'நொலேன் குட்' என்பார்களே, அதைச் சர்க்கரைப் பொங்கலில் இட்டுப் பாருங்கள், மண்டைவெல்லத்தை மறந்துவிடுவீர்கள். இது இடையில் வந்த பேச்சு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் சங்கராந்திக்கும் நடுவே வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் தேர்ந்துகொண்டோம்.

அடுத்தது, யார் யாரை அழைப்பது. ஐந்து வயதுக்கு மேல் பத்து வயதுக்குள் பன்னிரண்டு பேருக்கு மிகக் கூடாது என்று வரையறுத்தோம். ஏழு வயதுக்குட்பட்ட மூவருக்கு ஒரு பெரியவர் வீதம் அருகில் இருத்தல் வேண்டும். அழைக்கும்போதே ஒவ்வொரு தாயாரிடமும், குழந்தைக்கு ஒவ்வாத உணவு எது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நிலக்கடலை, முந்திரி, பால் முதலியவை சில குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். இதைக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது பண்பாகாது.

தமிழ்க் குழந்தைகள் மட்டுமா, அக்கம்பக்கத்து வங்காளிக் குழந்தைகளும் சேர்ந்தா என்று ஒரு பேச்சு எழுந்தது. 'குழந்தைகள் தமிழ் பேசட்டும் என்றுதானே இதையெல்லாம் செய்கிறோம். வங்காளிக் குழந்தைகள் வந்தால் அரை நொடியில் எல்லாரும் வங்காளத்துக்குத் தாவிவிடுவார்கள்' என்றார் ஒரு நண்பர். அவர் அச்சம் பொய்யன்று. எங்கள் வீடுகளில் தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ மறுமொழி சொல்லும் பிள்ளைகளே மிகுதி. எனினும், வங்காளிகளுக்கு இந்த விளையாட்டு புதிதன்று. அவர்கள் இதனைச் 'சொடுய்பாத்தி' என்பார்கள். சிட்டுக்குருவிச் சோறு என்று அதற்குப் பொருள் சொல்வோரும் உண்டு. நம் கூட்டாஞ்சோற்றைக் காட்டிலும் அழகிய பெயர் என்று நான் பொறாமைப்பட்டதுண்டு. தங்களுக்கும் தெரிந்த விளையாட்டைத் தங்களை விட்டுவிட்டு மேல்மாடியில் நடத்துவதைப் பக்கத்து வீட்டுக் குழந்தை எப்படிப் பொறுக்கும்? நான்கு வங்காளிக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டோம்.

பொருள்களுக்கு வருவோம். ஒவ்வொரு குழந்தையும் வீட்டிலிருந்து அரை டம்ளர் அரிசி கொண்டுவர வேண்டும் என்பது விதி. 200 மில்லி டம்ளரால் பன்னிரண்டு பேர் கொண்டுவருவது 6 டம்ளர், ஏறத்தாழ 1 கிலோ. அதற்கு 2 டம்ளர் துவரம்பருப்பு. வங்காளத்தில் 'அரஹர்' என்று கேட்டால் கிடைக்கும். குழந்தைகளுடன் நான்கைந்து பெரியவர்களும் உண்ண இது போதும். பத்து லிட்டர் கொள்ளும் பாத்திரம் வேண்டும். காய்களில் கத்திரிக்காய், அவரைக்காய், பச்சைப் பட்டாணி, வாழைக்காய், காரட், உருளைக்கிழங்கு எல்லாமாக ஒன்றரைக் கிலோ. முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. அரைப்பதற்கு ஒரு மூடித் தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள். மிளகாய் வற்றல் இரண்டுக்கு மேல் வேண்டா. புளி நெல்லிக்காய் அளவு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒரே நேரத்தில் வேகா. தமிழ் வீடுகளுக்குச் சொன்னோம்; வங்காளி வீடுகளுக்குச் சொல்ல மறந்தோம். 'ஆதப்' என்றால் அவர்களிடம் பச்சரிசி. 'சித்தோ' என்றால் புழுங்கல். ஒரு வீட்டிலிருந்து அரை டம்ளர் புழுங்கல் வந்துவிட்டது. விளைவு, குழைந்த சோற்றில் அங்கங்கே ஒரு பருக்கை விறைப்பாகப் பல்லில் பட்டது. குழந்தைகள் அதை ஒரு குறையாகவே எண்ணவில்லை. அகப்பட்டவனுக்கு அதிர்ஷ்டம் என்று தேடத் தொடங்கினார்கள். நீங்கள் மறவாமல் சொல்லிவிடுங்கள்.

தென்பாண்டி நாட்டில் மார்கழி மாதத்தில் சிறுமியர் வாசலில் சிறு வீடு கட்டி, தை பிறந்தபின் அதில் பொங்கலிடுவர். சிறுவீட்டுப் பொங்கல் என்று பெயர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில் என்று ஒரு பருவமே வகுத்தார்கள்; சிறுமியர் மணல்வீடு கட்டி மணற்சோறு சமைப்பதும், அதைச் சிதைக்க வேண்டா என்று பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையை வேண்டுவதும் அதில் வரும். இதை நினைத்து, மாடியின் தரையில் கோலமாவால் பெரிய வீடு ஒன்று வரைந்தோம். கூடம், திண்ணை, கழுவுமிடம், அடுக்களை. அடுக்களைக் கட்டத்தில் எரிவாயு அடுப்பு. அதைச் சுற்றி மூன்று அடிக்குக் குறையாமல் இடம் விட்டு இழுத்த கோட்டைப் பெரியவர் துணையில்லாமல் எந்தக் குழந்தையும் தாண்டலாகாது. 'அடுப்புக்கிட்ட போகாதே' என்று நூறு முறை கத்துவதைக் காட்டிலும் ஒரு வெள்ளைக் கோடு நன்கு பயன்பட்டது. காற்றுக்கு மறைவான மூலையில், ஆடாத சமதளத்தில் அடுப்பு நிற்க வேண்டும். பாலியெஸ்டர் துணியும் தொங்கும் தாவணியும் வேண்டா. பருத்திச் சட்டையே போதும். தப்பித்தவறி ஒரு குழந்தைக்குச் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் அந்த இடத்தில் விட வேண்டும். மையும் மஞ்சளும் பற்பசையும் தடவுவது பழைய பழக்கம்; தவறான பழக்கம். பனிக்கட்டியும் ஆகாது. கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கொதிக்கும் பாத்திரமும் கடுகு தாளிப்பதும் பெரியவர் வேலை. மற்றவை எல்லாம் குழந்தைகளுடையவை. அரிசி களைதல், பட்டாணி உரித்தல், கீரை உருவுதல், வெங்காயம் உரித்தல், அளத்தல், தண்ணீர் எண்ணி ஊற்றுதல். நறுக்குவதற்கு வேகவைத்த உருளைக்கிழங்கும் மென்மையான காய்களும் கொடுத்து, மழுங்கிய முனையுள்ள சிறு கத்தி தந்தோம். பெரிய காய்களைப் பக்கத்து வீட்டு வங்காளி அம்மையார் தம் 'பொட்டி'யில் அரிந்து கொடுத்தார். பொட்டி வேறொன்றுமில்லை; நம் அரிவாள்மணைதான். அவர் வீட்டு 'ஷில் நோடா'வும் மேலே வந்தது. அது நம் அம்மியும் குழவியும். எங்கள் தமிழ் வீடுகளில் ஒன்றிலும் அம்மி இல்லை! மின் அரைவையில் அரைத்ததே கண்ட எங்கள் பிள்ளைகள், தேங்காயும் சீரகமும் கல்லில் மசிவதை ஒரு வங்காளி வீட்டுக் கல்லில்தான் முதன்முதல் கண்டார்கள்.

மொழியைப் பற்றி என் நண்பருக்கிருந்த கவலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் சொன்னபடியே பிள்ளைகள் வங்காளத்துக்குத் தாவினார்கள். ஆனால் வேலை செய்யும் கைக்குச் சொல் வேண்டியிருந்தது. களைவது, உருவுவது, உரிப்பது, ஆய்வது, மசிப்பது, துழாவுவது என்று தமிழில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வினை இருக்கிறது. இவற்றைப் புத்தகம் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் ஒரு குழந்தையும் ஏற்காது. ஒரு பாட்டி கீரையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இப்படி உருவு' என்றதும் எட்டுப் பேரும் உருவினார்கள்; வங்காளிக் குழந்தைகளும் 'உருவு, உருவு' என்றார்கள். ஒரு குழப்பமும் நேர்ந்தது. வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன். எங்கள் பேரப்பிள்ளைகள் என்னைத் தாத்தா என்று அழைக்கக் கேட்ட ஒரு வங்காளிச் சிறுவன், நரைத்த தலையோடு இவர் எப்படி இவர்களுக்கு அண்ணன் ஆனார் என்று வியந்து நின்றான்.

இனி நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது. எங்கள் அடுக்ககத்தைக் காக்கும் குடும்பம் தென் 24 பர்கனா மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. கீழ்த்தளத்தில் ஓர் அறையில் வாழ்கிறார்கள். அவர்கள் மகளுக்கு எட்டு வயது. அன்று காலை தண்ணீர்க் குடத்தைத் தந்தையோடு மாடிக்குத் தூக்கி வந்த அக்குழந்தை, கதவருகே நின்றுவிட்டாள். பன்னிரண்டு பெயர் கொண்ட என் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மறந்துவிட்டேன் என்றால் அது பொய். நினைக்கவே இல்லை. அண்டை வீட்டாரைச் சேர்ப்பதா என்று இரண்டு நாள் விவாதித்த எங்களுள் ஒருவருக்கும், அதே படிக்கட்டில் நாள்தோறும் ஏறி இறங்கும் அந்தக் குழந்தை ஒரு குழந்தை என்று தோன்றவில்லை.

விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயர் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலில், 1929-ல் நூலாக வந்த அந்த நாவலில், இப்படி ஒரு சொடுய்பாத்தி வருகிறது. துர்காவும் தம்பி அப்புவும் காட்டோரத்தில் சோறு பொங்குகிறார்கள். விநி என்னும் சிறுமி வந்து சேருகிறாள். அவளும் அந்தணப் பெண்ணே. ஆயினும் ஊரார் அவள் குடும்பத்தைத் தாழ்ந்ததாக எண்ணுகிறார்கள். எனவே பாத்திரத்தில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்க அவள் தயங்குகிறாள். தயங்காதே என்று இவர்கள் சொல்லிவிடுகிறார்கள். உப்பில்லாத சோறும் பாதி கருகிய கத்திரிக்காயும்தான் விருந்து. அதை அமுதமாக உண்கிறார்கள். இந்த நாவலை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். படித்து என்ன பயன், மாடிக் கதவருகே ஒரு விநி நின்றபோது நான் மஞ்சள் பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளை உள்ளே அழைத்தது நானல்லேன், என் பேத்தி. அதுவும் இரக்கத்தால் அன்று. அரிசி களையத் தெரியாமல் பாதி அரிசியைத் தண்ணீரோடு கொட்டிக்கொண்டிருந்தாள் அவள். கதவருகே நின்ற சிறுமி பொறுக்கமாட்டாமல் நேரே வந்து பாத்திரத்தை வாங்கி, விளிம்பில் உள்ளங்கையை அணைகொடுத்துச் சாய்த்து, ஒரு மணி சிந்தாமல் களைந்த நீரை வடித்துக் காட்டினாள். அவ்வளவுதான், பிறகு அவள்தான் எல்லாருக்கும் தலைவி. கழுவுமிடத்தில் யார் எங்கே நிற்பது என்பதும், பட்டாணியில் புழு இருந்தால் என்ன செய்வது என்பதும் அவள் சொற்படி நடந்தன. எங்கள் கூட்டத்தில் நாள்தோறும் உண்மையாகவே சமையலில் கை வைக்கும் குழந்தை அவள் ஒருத்தியே. அது அவளுக்குப் பெருமையா, நமக்கு வெட்கமா என்பதை அன்று இரவு நெடுநேரம் நினைத்துக் கிடந்தேன்.

சமைத்த முறையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பருப்பை அரைமணி ஊறவைத்து முதலில் அரைவேக்காடாக வேகவைக்க வேண்டும். பிறகு கெட்டியான காய்களும், மஞ்சளும், களைந்த அரிசியும். பருப்பு வெந்த நீரையும் சேர்த்து மொத்தம் 28 டம்ளர் தண்ணீர் என்று கணக்கிட்டோம். குழந்தைகள் உரக்க எண்ணி ஊற்றினார்கள். தமிழில் பதினெட்டுக்குப் பின் பத்தொன்பது வரும் என்பது இருவருக்கு அன்றுதான் உறுதியாயிற்று. அரிசி முக்கால் வேக்காட்டில் கத்திரிக்காய், புளிக்கரைசல், அரைத்த விழுது. இறுதியில் கீரை. கீரை போட்டபின் மூடக் கூடாது, நிறம் மாறிவிடும். நல்லெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி இறக்கி, அகன்ற தாம்பாளங்களில் பரப்பி 20 நிமிடம் ஆற விட வேண்டும். அடியில் இருக்கும் சூடு மேலே தெரியாது. குழந்தைகளின் வாய் வெந்துபோகும். உண்ணும் நேரம் பன்னிரண்டு மணிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசித்த குழந்தை கூட்டாஞ்சோற்றையும் பெரியவர்களையும் ஒருசேர வெறுக்கும்.

உப்பு விஷயத்தில் பெரியவர்களுக்கு ஒரு சோதனை நேர்ந்தது. உப்பிடும் பொறுப்பை இரண்டு சிறுமியரிடம் விட்டிருந்தோம். அளந்து தருவது அவர்கள். அடுப்பில் இடுவது ஒரு தாயார். முதலில் 3 மேசைக்கரண்டி, பிறகு சுவைபார்த்து என்பது ஏற்பாடு. ஒருத்தி தந்துவிட்டாள் என்று மற்றொருத்தி நினைத்தாள். உப்புக் கிண்ணம் நிறைந்தபடியே இருந்ததை நான் கண்டேன். என் மருமகளும் கண்டாள். அவள் எழுந்தாள். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். பரிமாறி முதல் கவளம் வாய்க்குப் போனதும் ஒரு வங்காளிச் சிறுவன், 'நுன் நேயி!' என்றான். 'உப்பே இல்லை!' என்று தமிழ்ப் பிள்ளைகள் எதிரொலித்தார்கள். யாருடைய குற்றம் என்று ஒரு நொடி நிலவிய அமைதியில் அந்த இரு சிறுமியரின் முகம் வாடியது. அப்போது காவலர் மகள் எழுந்து உப்புக் கிண்ணத்தை எடுத்து, எல்லார் இலையிலும் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே வந்தாள். அவள் வீட்டில் அப்படித்தான் வழக்கம் போலும். பெரியவர்கள் ஒருவரும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் திறந்திருந்தால் கெடுத்திருப்போம்.

பாத்திரம் கழுவுவதும் குழந்தைகள் வேலையே. அடியில் சற்றுக் காந்திப் போயிருந்தது. அந்தக் காந்தலைச் சுரண்டித் தின்பதற்குச் சண்டையே நடந்தது. ஊரில் நாங்கள் போட்ட அதே சண்டை.

வரும் மார்கழிக்கான பட்டியலைப் பேத்தியே எழுதத் தொடங்கியிருக்கிறாள். முதற்பெயர் கீழ்த்தளத்துப் பெயர். பெயர்களுக்குக் கீழே, 28 டம்ளர் தண்ணீர் அதிகம், 26 போதும் என்று எழுதி, உப்பு என்ற சொல்லுக்கு இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாள்.